இன்னாசிமுத்து வேலையை விட்ட விதம்

தாராவித் தமிழர்கள் வேலையை விட்டதாக வாயால் சொல்வதில்லை. ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, தங்கச்சி வீட்டுச் சடங்கு, எது வாகாக வருகிறதோ அதைச் சொல்லி முதலாளியிடம் விடைபெறுவார்கள். "எப்பல வருவ?" என்று அவர் ஒரு பேச்சுக்குக் கேட்பார். "பாப்போம் அண்ணாச்சி" என்று இவர்களும் ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். இருவருக்கும் விஷயம் புரிந்துவிடும். மூஞ்சிக்கு நேரே "உம்ம வேலை எனக்கு வேண்டாம்" என்று சொல்வது ஒரு மரியாதையா? சோறு போட்ட இடமல்லவா? பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து அடுத்த சந்தில் வேறொருவரிடம் வேலைக்கு உட்கார்ந்தாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இன்னாசிமுத்து அப்படி மூன்று இடங்களிலிருந்து ஊருக்குப் போனவர். பதினாறு வயதில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, பிச்சையா அண்ணாச்சியின் தோல்பைப் பட்டறையில் ஆறு வருடம் பசை தடவினார். பசை நாற்றம் தலைக்கேறி ஒருநாள் மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய டாக்டரிடமே பிறகு கம்பவுண்டராகச் சேர்ந்தார். அதற்காக அண்ணாச்சி கோபித்துக்கொண்டாரா? இல்லை. இன்னாசியின் கல்யாணத்துக்குப் பெரிய குக்கரோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

டாக்டரிடம் ஊசி போடப் பழகி, சயானில் மாலை வகுப்பில் லேப் படிப்பை முடித்து, செம்பூரில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் கைதேர்ந்தார். எண்பது வயதுக்காரர்களின் கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். அப்புறம் ஒரே குத்து, அவ்வளவுதான். கிழவர்களும் கிழவிகளும் வேறு ஆள் வந்தால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள். இன்னாசி வந்தால் மட்டும் நீட்டுவார்கள்.

நாலாவது இடம்தான் ரக்தசேது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் கம்பெனி. அதிகாலை ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பத்தரைக்குள் பன்னிரண்டு வீடு. மாட்டுங்காவில் நாலாவது மாடி, சுனாபட்டியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இருந்தால் அதிர்ஷ்டம். அவர்கள் இவரைத் தொழிலாளி என்று சொல்வதில்லை. 'பார்ட்னர்' என்பார்கள். பார்ட்னராம் பார்ட்னர்! லாபத்தில் பங்கு கொடுத்தார்களா? மழையில் வண்டி சறுக்கி முழங்கால் பெயர்ந்தபோது கட்டுப் போட்டதுகூடச் சொந்தக் காசில்தான். சேரும்போது ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டி, "விரலால் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டார். மூன்று வருடம் முடிந்ததும் மறுபடி நீட்டினார்கள், மறுபடி போட்டார். இருபத்திரண்டு பக்க இங்கிலீஷ். அதை யார் படிக்கிறார்கள்? நீங்கள் படிப்பீர்களா?

இரண்டாவது கையெழுத்துக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனபோதுதான் அந்தச் செய்தி வந்தது. செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு ஆள் வேண்டும். நிரந்தர வேலை, பி.எஃப்., வைத்தியச் செலவு, ஞாயிறு விடுமுறை. லேபைப் பார்த்துக்கொள்ளும் சஃபீனா மேடத்துக்கு இவர் கையைப் பற்றி ஏற்கெனவே தெரியும். "நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல டிரஸ்டுல எடுக்க மாட்டாங்க இன்னாசி பாய். உங்களுக்கு டிசம்பர் வரைக்கும்தான் டைம் இருக்கு. ஆகஸ்ட் பதினாறுல இருந்து வந்துருங்க" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இன்னாசி ரோஸியிடம் சொன்னார். இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் ஓடுகிறார். ஒரு இடத்திலும் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. "ஏட்டி, இனிமே நா ஒக்காந்துருப்பேன். அவங்கதான் என்னைத் தேடி வரணும்" என்றார். ரோஸி சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆகஸ்ட் முதல் தேதி ரக்தசேதுவின் ஏரியா மேனேஜர் பானுமதியைப் பார்க்கப் போனார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. ஐம்பது வயசு, கண்டிப்பானவள், ஆனால் நல்ல மாதிரி.

"மேடம், ஊர்ல மாதா கோயில் திருவிழா. போயிட்டு வாரேன்."

"பேஷா போயிட்டு வாங்கோ. எப்போ திரும்பறேள்?"

"பாப்போம் மேடம்."

பானுமதி அவரை ஒரு கணம் பார்த்தாள். "உடம்பைப் பாத்துக்கோங்கோ" என்றாள். அந்தப் பார்வை போதும் என்று இன்னாசி நினைத்தார். தமிழ்க்காரி, இதுகூடவா தெரியாது? ஐஸ் பெட்டியையும் பையையும் கூட வேலை பார்க்கும் சாஜனிடம் கொடுத்து ஆபீசில் சேர்க்கச் சொன்னார். போனிலிருந்து கம்பெனி ஆப்பை அழித்தார். திருவிழாவில் தேரிழுத்துவிட்டு வந்து, இரண்டு கிலோ கருப்பட்டி மிட்டாயை சாஜன் கையில் மேடத்துக்குக் கொடுத்தனுப்பினார். எல்லாம் முறைப்படிதான் செய்தார், பாவம்.

ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். வேறு யாருடனாவது ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா என்று ஒரு கேள்வி. "பழைய எடத்துல முடிச்சிட்டீங்கள்ல?" என்று சஃபீனா கேட்டாள். "முடிச்சாச்சு மேடம்" என்று சொல்லி, 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம்.

முதல் மூன்று வாரம் அவர் வாழ்க்கையிலேயே சுகமான மூன்று வாரம். நடுவில் சாஜன் ஒருமுறை போன் செய்தான். "அண்ணே, ஒங்க பேரு இன்னும் லிஸ்ட்ல ஓடுது. டெய்லி ஒங்களுக்கு ரெண்டு ஆர்டர் விழுது. ஆளு போவலன்னு செவப்புல காட்டுது." இன்னாசி சிரித்தார். "அழிக்க மறந்துருப்பாங்கல" என்றார். அடுத்த வாரமும் சாஜன் அதையே சொன்னான். அப்போது அவர் சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தடித்த உறையைக் கொடுத்துப் போனார். மகள் அனிஷா கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவள் கட்டிலில் உட்கார்ந்து மனசுக்குள் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"என்னட்டி, சத்தமா வாசி."

"பப்பா, நீங்க வேலைய விட்டீங்கள்ல?"

"ஆமா."

"இவங்க நீங்க விடலன்னு சொல்றாங்க. லீவுல போனவர் வரலையாம். காண்ட்ராக்ட் இன்னும் சாலு இருக்காம், முடியலையாம். விடணும்னா அறுபது நாள் முன்னாடி ஈமெயில்ல எழுதிக் குடுத்திருக்கணுமாம். அடுத்த வருஷம் நவம்பர் வரைக்கும் வேற எங்கயும் நீங்க ரத்தம் எடுக்கக் கூடாது." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "டிரெயினிங் செலவு, நஷ்ட ஈடு, எல்லாம் சேத்து ஒன்னே முக்கால் லட்சம். பப்பா, இதோட காப்பி ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கு."

ரோஸி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கோயில் மணி அடித்தது. யாரும் கிளம்பவில்லை.

மறுநாள் சஃபீனா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளிடமும் அதே உறை இருந்தது. "நீங்க முடிச்சாச்சுன்னு எழுதிக் குடுத்தீங்க இன்னாசி பாய்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை. "டிரஸ்டிங்க கோர்ட், கேஸுன்னா பயப்படுவாங்க. மாசக் கடைசிக்குள்ள அவங்ககிட்ட இருந்து ஒரு லெட்டர் கொண்டு வாங்க. அதுவரைக்கும் நான் சமாளிக்கிறேன்."

சுனாபட்டியில் வக்கீல் கணேசபாண்டியன் இருக்கிறார். ஊர்க்காரர், மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ். அனிஷாவின் போனில் இருபத்திரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். அரைமணி நேரம் ஆயிற்று. இன்னாசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு காண்ட்ராக்ட் முடிஞ்ச பொறவு, நீ இன்னாருகிட்ட வேலை செய்யக் கூடாதுன்னு எவனும் ஒரு மனுசனக் கட்டிப்போட முடியாது. நம்ம சட்டம் அதுக்கு எடம் குடுக்கல" என்றார் வக்கீல்.

இன்னாசி மூச்சு விட்டார். "அப்பாடா."

"பொறுங்க. முடிஞ்ச பொறவுன்னுதான சொன்னேன்? ஒங்களுது முடியலயே! நடந்துக்கிட்டு இருக்க காண்ட்ராக்ட்டுல அந்தக் கட்டுப்பாட்டுக்கு உசுரு இருக்கு. நீங்க முடிச்சிருந்தா ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு ஈமெயில், ரெண்டு மாசம் பொறுமை, அவ்வளவுதாம். நீங்க என்ன செஞ்சீங்க? கருப்பட்டி மிட்டாய் குடுத்தீங்க."

"லேபர் கோர்ட்டுக்குப் போனா?"

"நீங்க தொழிலாளியே இல்லன்னு நாலாம் பக்கத்துல எழுதிருக்கு. சுயேச்சையான ஒப்பந்தக்காரராம். வாதாடிப் பாக்கலாம், வருசக்கணக்குல ஆவும். வழக்குன்னா மத்தியஸ்தரு முன்னாடிதான், அதுவும் குருகிராம்ல."

"அது எங்க இருக்கு?"

"டெல்லிக்கு அங்கிட்டு."

அனிஷா தலையில் கைவைத்துக்கொண்டாள். வக்கீல் குரலைத் தணித்தார்.

"ஒரு வழி இருக்கு. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி நீங்க விலகுனது எனக்குத் தெரியும், நா ஒத்துக்கிட்டேன்னு அந்த மேனேஜரம்மா ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, அத வச்சி நா பேசிருவேன். நீங்களே நேர்ல போய்க் கேளுங்க. ஆனா ஒண்ணு." விரலை உயர்த்தினார். "இதுக்கு எடையில அவங்களுக்காக ஒரு சின்ன வேலகூடப் பாத்துராதீங்க. கூப்புட்டாலும் போவாதீங்க. பாத்தீங்கன்னா, காண்ட்ராக்ட் நடப்புலதான் இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. அப்பொறம் என்கிட்ட வராதீங்க."

பானுமதி போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் இன்னாசி அடித்துப் பார்த்தார். ராத்திரியில் தூக்கம் போயிற்று. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கதவு திறந்தால் தன்னை எழுப்பிவிடத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு மாட்டுங்காவுக்கு நடந்தே போய் அவள் வீட்டு மணியை அடித்தார்.

கதவைத் திறந்தவள் தலைகூட வாரியிருக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. "உள்ளே வாங்கோ" என்றாள். உட்காரச் சொன்னாள். காபி வேண்டுமா என்று கேட்டாள். இன்னாசி வேண்டாம் என்றார். வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போறேன்னுதானே சொன்னேள்?" என்றாள் பானுமதி.

"மேடம், நீங்களும் தமிழ்க்காரங்க. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு நா என்ன சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியலயா?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"தெரிஞ்சுது" என்றாள் கடைசியில். "தெரிஞ்சுதான் லீவுன்னு போட்டேன். அதுக்கு முந்தின மூணு மாசத்துல என் ஏரியாவுல நாலு பேர் போயாச்சு. அஞ்சாவது ஆளும் போயிட்டார்னு போட்டா என்னைத் தூக்கிடுவா. ஒரு மாசம் கழிச்சு மெதுவா மாத்திக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ளே டெல்லி ஹெட் ஆபீஸ்லேந்து அவாளே நோட்டீஸ் அனுப்பிட்டா."

"அத அப்படியே எழுதிக் குடுங்க மேடம். ரெண்டு வரி. ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன்."

"எப்படி இன்னாசி? நான் பொய்யா லீவு போட்டேன்னு நானே எழுதித் தரணுமா?" தலைப்பை விரலிலிருந்து உருவினாள். "நானும் அவாளுக்குப் பார்ட்னர்தான். என் காண்ட்ராக்ட் இருபத்தாறு பக்கம்."

இவளை மேனேஜர் என்று இன்னாசி ஏறக்குறைய ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாரே! அந்த நேரத்தில்தான் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"பானு, யாரு? இன்னாசியா?"

அவளுடைய அப்பா. எண்பத்தாறு வயசு, சிறுநீரகம் சரியில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இன்னாசிதான் வந்து ரத்தம் எடுப்பார். பானுமதி சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலம்பர புது ஆள் வந்தான். ரெண்டு தடவை குத்தினான், கிடைக்கலை. அப்பா கத்தினதுல அவன் பயந்து போயிட்டான். உப்பு ஏறிடுத்தான்னு பாத்து மத்தியானத்துக்குள்ள சொல்லணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இல்லேன்னா ஆஸ்பத்திரியிலே சேர்க்கணும். வேற யாரும் வரலை." அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், அவள் கேட்கவில்லை.

இன்னாசி எழுந்தார். வெளியே போகத்தான் எழுந்தார். வக்கீலின் விரல் கண்முன்னே நின்றது. ஆனால் வாசலுக்குப் போகும் வழியில்தான் அந்த அறை. கதவு திறந்திருந்தது. பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது முழங்கையில் இரண்டு இடத்தில் நீலம் பாரித்திருந்தது. இன்னாசியைப் பார்த்ததும், "வந்துட்டியாப்பா" என்று சொல்லி இடது கையை நீட்டினார். நீட்டிவிட்டு, வழக்கம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கை காற்றில் அப்படியே நின்றது.

கடவுளே, என்றார் இன்னாசி மனசுக்குள். புது ஆள் விட்டுப்போன பை மேசையில் இருந்தது. கையைக் கழுவினார். ரப்பர் பட்டையைக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தேடினார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மெல்லிய இழை ஒன்று விரலில் தட்டியது. ஒரே குத்து. சிவப்பு மூடிக் குப்பி நிறைந்தது, ஊதா மூடிக் குப்பி நிறைந்தது. "ஆயிடுத்தா?" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்தபடியே.

பானுமதி போனோடு நின்றிருந்தாள். "எடுத்தவா ஐடி போட்டாத்தான் லேப்ல குப்பியை வாங்கிப்பா. அந்தப் பையன் ஆர்டரை விட்டுட்டுப் போயிட்டான். உங்க பேர்தான் காட்டறது" என்றாள். போனை அவர் பக்கம் திருப்பினாள். "போடட்டுமா?"

வேண்டாம் என்றால் இரண்டு குப்பியையும் கொட்ட வேண்டியதுதான். இன்னொருவன் வந்து அந்தக் கையை மறுபடி குத்துவான். இன்னாசி பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். "போடுங்க" என்றார்.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "நான் எழுதித் தரேன் இன்னாசி. என்ன ஆனாலும் ஆகட்டும். ரெண்டு நாள் கொடுங்கோ" என்றாள். அவர் அந்தச் சந்தோஷத்தில் ரோஸிக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் மறுபடியும் ஒரு தடித்த உறை வந்தது. இந்த முறை ஒரே பக்கம்தான். செப்டம்பர் இருபத்தோராம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு, மாட்டுங்காவில், தாங்கள் தங்கள் அடையாள எண்ணில் எங்களுக்காகச் சேவை செய்துள்ளீர்கள். எனவே ஒப்பந்தம் நடப்பில் இருப்பதைத் தாங்களே ஏற்றுக்கொண்டுள்ளீர்கள். நகல்: ஆஸ்பத்திரி நிர்வாகம்.

பானுமதி வேண்டுமென்றே செய்தாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். சாஜன் சொல்வது, அவளையும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள் என்பது. அவள் எழுதினாளா, எழுதியதால் நிறுத்தினார்களா, இன்னாசிக்குத் தெரியாது. அவர் பிறகு அந்தப் படியேறவில்லை.

சஃபீனா அவரைக் காத்திருக்கவிடாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "அறுபது நாள் நோட்டீஸ் எழுதிக் குடுத்து, அங்க வேலை பாத்து முடிச்சிட்டு வாங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுவரைக்கும் சீட்டைக் காலியா வைக்க டிரஸ்டிங்க ஒத்துக்கல. நாளைக்கு வேற ஆள் சேருறாரு" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இன்னாசி தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வந்தார். டிசம்பரில் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

வீட்டுக்கு வந்ததும் ரோஸி தட்டை வைத்தாள். சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வக்கீலு அவ்வளவு சொல்லியிருந்தாருல்லா? அன்னைக்கு மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருக்கலாம்லாங்க."

இன்னாசி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிட்டி சொல்ல? அவரு கைய நீட்டிட்டாரு" என்றார்.

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. எச்சில் கையோடு, மகள் பார்க்கப் பார்க்க, அழுதார்.